காலையில் பாடம், மத்தியானம் மண் சுமப்பு!

ஒரு வகுப்பு. அதில் ஒரே ஒரு மாணவர். அவருக்கு ஒரே ஒரு ஆசிரியர்!

சின்ன மேசை. எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலிகள். காலை 8 மணிக்கு உட்கார்ந்தால் 12 மணி வரை - சில பள்ளிகளில் 1 மணி வரை - பேச்சு, பேச்சு, பேச்சுதான். "பாடம் படிக்கவில்லை" என்று பக்கத்துப் பையனின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து கொள்ள முடியாது. பக்கத்துப் பையனே கிடையாது!

இப்படிப்பட்ட பள்ளிக்கூடங்கள் எங்கே இருக்கின்றன?

குவாத்தமாலா நாட்டில்! மெக்சிகோவுக்குத் தெற்கே, மத்திய அமெரிக்காவில் உள்ள மலை நாடு அது. அங்கே ஆன்டிகுவா, கெட்சல்தெனாங்கோ என்ற இரண்டு ஊர்களில் மட்டும் டஜன் கணக்கில் இத்தகைய பள்ளிகள் இருக்கின்றன. அமெரிக்கா, கனடா, ஜெர்மனி, இங்கிலாந்து, ஜப்பான் முதலிய நாடுகளில் இருந்து மாணவ-மாணவிகள் வருகிறார்கள். கல்லூரி மாணவர், நர்சு, டாக்டர், வேலையில் இருந்து ஓய்வு பெற்ற தாத்தா - எல்லோரும் உண்டு.

அவர்கள் படிப்பது ஸ்பானிஷ் மொழி. படிப்பு பாதி நாள்தான். மீதிப் பாதி நாளில் மண் சுமக்கிறார்கள், செங்கல் எடுத்துக் கொடுக்கிறார்கள், மரக்கன்று நடுகிறார்கள், ஏழைப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இதற்குக் கூலி கிடையாது.

"பணம் கட்டிப் படிக்க வந்து, சம்பளம் இல்லாமல் வேலையும் செய்வதா?" என்று கேட்கத் தோன்றும். ஆமாம். அதற்கென்றே விமானம் ஏறி வருகிறார்கள்!

எரிமலைகளுக்கு நடுவே

ஸ்பானிஷ் மொழி பிறந்தது ஸ்பெயின் நாட்டில். இன்று அது 20 நாடுகளில் ஆட்சிமொழி. அதைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் ஏறக்குறைய 50 கோடிப் பேர். அப்படி இருக்க, ஸ்பெயினுக்குப் போகாமல் குவாத்தமாலாவுக்கு ஏன் வருகிறார்கள்?

முதல் காரணம், செலவு குறைவு. பாடம், தங்க இடம், சாப்பாடு மூன்றும் சேர்த்து வாரத்துக்குச் சில நூறு டாலரில் முடிந்துவிடும். ஐரோப்பாவில் அந்தப் பணத்துக்கு ஓர் ஆசிரியரைத் தனியாக வைத்துக் கொண்டு படிக்க முடியாது.

இரண்டாவது காரணம், இந்த மலை நாட்டுக்காரர்கள் நிதானமாகப் பேசுகிறவர்கள். புதிதாகக் கற்கிறவன் காதுக்கு ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழும்.

மூன்றாவது, ஊர் அழகு! ஆன்டிகுவா என்றால் "பழையது" என்று பொருள். 1543-ல் இருந்து அதுதான் நாட்டின் தலைநகரம். 1773-ல் வந்த பூகம்பம் கோவில்களையும் மாளிகைகளையும் நொறுக்கிப் போட்டது. "இனி இங்கே வேண்டாம்" என்று 1776-ல் தலைநகரத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இடிந்த கோவில்கள் இடிந்தபடியே நின்றன. அதுவே பிற்காலத்தில் அழகாகிப் போயிற்று! 1979-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் ஆன்டிகுவா சேர்ந்தது.

ஊரைச் சுற்றி மூன்று எரிமலைகள். அவற்றில் ஒன்றின் பெயர் "நீர்". இன்னொன்றின் பெயர் "நெருப்பு". "நெருப்பு" இன்றும் புகைந்து கொண்டிருக்கிறது. 2018 ஜூன் 3-ந் தேதி அது சீறியபோது அடிவாரக் கிராமங்கள் சாம்பலில் புதைந்தன. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மற்ற நாட்களில், மாடியில் உட்கார்ந்து வினைச்சொல் மனப்பாடம் செய்யும் மாணவர்கள் தலை நிமிர்ந்தால், மலை உச்சியில் ஒரு புகைக் கொத்து தெரியும்.

கெட்சல்தெனாங்கோ இன்னும் உயரம். கடல் மட்டத்துக்கு மேல் 2,330 மீட்டர். அந்த ஊர்ப் பெயரைச் சொல்வதற்குள் நாக்கு சுளுக்கிக் கொள்ளும். அதனால் எல்லோரும் "ஷெலா" என்றே சொல்கிறார்கள். இரவில் நல்ல குளிர். உல்லன் துணி இல்லாமல் வந்தவர்கள் மறுநாளே கடை தேடி ஓடுகிறார்கள்.

எப்படி ஆரம்பித்தது?

1961-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி அமெரிக்க ஜனாதிபதி கென்னடி, "சமாதானப் படை" என்ற அமைப்பைத் தொடங்கினார். இளைஞர்கள் ஏழை நாடுகளுக்குப் போய் 2 ஆண்டுகள் தொண்டு செய்யவேண்டும். போவதற்கு முன் அந்த நாட்டு மொழியைப் படிக்கவேண்டும். 1963-ல் குவாத்தமாலாவுக்கும் அந்தத் தொண்டர்கள் வந்தார்கள்.

வாய் பேசாத தொண்டன் எதற்கு உதவுவான்? கிணறு எங்கே வெட்டவேண்டும் என்று கேட்கக்கூட மொழி வேண்டும் அல்லவா?

1969-ல் ஆன்டிகுவாவில் "பிரான்சிஸ்கோ மரோகின் மொழித் திட்டம்" என்ற நிறுவனம் பிறந்தது. மரோகின் என்பவர் 16-ம் நூற்றாண்டில் குவாத்தமாலாவின் முதல் பிஷப்பாக இருந்தவர். ஸ்பெயினில் இருந்து வந்தாலும் அந்த ஊர் மக்களின் மொழியைக் கற்றுக் கொண்டவர்.

அவர் பெயரைத் தாங்கிய அந்த நிறுவனம் ஒரு நல்ல காரியம் செய்தது. வெளிநாட்டாருக்கு ஸ்பானிஷ் சொல்லிக் கொடுத்தது. அதில் வந்த பணத்தைக் கொண்டு, அந்நாட்டு மாயா மக்களின் மொழிகளை ஆராய்ந்தது. அகராதி, இலக்கணம் ஆகியவற்றைத் தயாரிக்க மாயா இளைஞர்களையே பழக்கியது. அதன் அருமை என்ன என்பதைப் பின்னால் பார்ப்போம்.

வீட்டு அம்மா

மாணவர்களுக்கு விடுதி கிடையாது. ஊரில் உள்ள ஏதாவது ஒரு குடும்பத்தோடு தங்கவேண்டும். அந்த வீட்டு அம்மாதான் இரண்டாவது வாத்தியார்! சில சமயம் முதல் வாத்தியாரை விடக் கெட்டிக்காரி.

மூன்று வேளையும் வீட்டுச் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பல வீடுகளில் அம்மாவுக்கு விடுமுறை. மாணவர் வெளியே சாப்பிட்டுக் கொள்ளவேண்டும். (நல்ல ஏற்பாடு! நம் வீடுகளிலும் கொண்டு வரலாம்.)

சாப்பாடு என்ன? கருப்புப் பயறு, முட்டை, சோறு, வாழைப்பழ வறுவல். எல்லாவற்றுக்கும் துணையாக "தொர்த்தியா" என்ற மக்காச்சோள ரொட்டி. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, கழுவி, அரைத்து, உள்ளங்கையால் தட்டி, சூடான கல்லில் போட்டு எடுக்கிறார்கள். விடிந்ததும் தெருவெல்லாம் "பட், பட்" என்று ரொட்டி தட்டும் சத்தம் கேட்கும். மனிதனைக் கடவுளர் மக்காச்சோள மாவில் இருந்து செய்தார்கள் என்பது மாயா மக்களின் பழங்கதை. "போபோல் வூ" என்ற அவர்களுடைய நூலில் அந்தக் கதை இருக்கிறது.

"தமால்" என்று இன்னொரு பலகாரம் உண்டு. மாவை இலையில் வைத்து மடித்து ஆவியில் வேக வைப்பது. பெயரைக் கேட்டு யாரும் சொந்தம் கொண்டாட வேண்டாம். அது மெக்சிகோவின் பழைய மொழியில் இருந்து வந்த சொல்!

சாப்பிட்டு எழுந்திருக்கும்போது மேசையில் இருக்கும் எல்லோருக்கும் நன்றி சொல்லவேண்டும். "புவேன் ப்ரொவெச்சோ" என்று மற்றவர்கள் பதில் சொல்வார்கள். "சாப்பிட்டது உடம்பில் ஒட்டட்டும்" என்பது போன்ற வாழ்த்து. இதைச் சொல்லாமல் எழுந்து போகும் வெளிநாட்டுப் பிள்ளையை, வீட்டுக் குழந்தைகள் ஒரு மாதிரியாகப் பார்க்கும்.

வாரம்தோறும் பள்ளியில் இருந்து வீட்டு அம்மாவுக்குப் பணம் வருகிறது. பல வீடுகளில் பிள்ளைகளின் புத்தகமும் செருப்பும் அந்தப் பணம்தான். மாலையில் மாணவர் செய்யும் தொண்டைப் பற்றித்தான் எல்லோரும் பெருமையாகப் பேசுகிறார்கள். மாதக்கணக்கில் ஒரு குடும்பத்துக்கு ஒழுங்காகப் பணம் போய்ச் சேருவதும் சின்ன உதவி அல்ல.

கழுத்துப் பட்டை பெண், கவுன் ஆண்!

ஸ்பானிஷ் மொழி இங்கிலீஷ்காரனுக்குக் கஷ்டம். தமிழனுக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை!

"ஆப்லோ" என்றால் "பேசுகிறேன்". "ஆப்லாமோஸ்" என்றால் "பேசுகிறோம்". "நான்", "நாங்கள்" என்று தனியாகச் சொல்ல வேண்டியது இல்லை. வினையின் வாலைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடிக்கலாம். தமிழிலும் அப்படித்தானே?

பெரியவர்களிடம் "உஸ்தேத்" என்று பேசவேண்டும். நெருங்கியவர்களிடம் "தூ" அல்லது "வோஸ்". நம்முடைய "நீங்கள்", "நீ" மாதிரி. இங்கிலீஷில் எல்லோருக்கும் ஒரே சொல்தான். அதனால் அமெரிக்க மாணவர்கள் வீட்டுப் பாட்டியை "வா, போ" என்று அழைத்துவிட்டு விழிக்கிறார்கள்.

"பெரோ" என்று மெல்ல ரகரம் போட்டால் "ஆனால்". நாக்கை உருட்டி வல்லின றகரத்தில் அழுத்தினால் "நாய்"! "நாளை" என்பதற்கு "மஞானா" என்று சொல்கிறார்கள். நம்முடைய "ஞ" அங்கே அப்படியே இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. மேசைக்கு ஸ்பானிஷில் "மேசா". கோப்பைக்குக் "கோப்பா". இலங்கைத் தமிழர் சொல்லும் சப்பாத்துக்குச் "சப்பாத்தோ". இவை போர்த்துகீசியக் கப்பல்களில் ஏறித் தமிழ்க் கரைக்கு வந்த சொற்கள். போர்த்துகீசிய மொழியும் ஸ்பானிஷ் மொழியும் அக்காள்-தங்கை.

ஆனால், ஓரிடத்தில் நாமும் திண்டாடுவோம். அந்த மொழியில் உயிர் இல்லாத பொருள்களுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு! மேசை பெண். புத்தகம் ஆண். ஆண்கள் கழுத்தில் கட்டும் டை பெண்பால். பெண்கள் அணியும் கவுன் ஆண்பால்! "ஏன் இப்படி?" என்று கேட்டால் வாத்தியார் சிரிப்பார். அவருக்கும் தெரியாது.

பாடத்தில் சிரிப்புக்குப் பஞ்சம் இல்லை. "கன்சாடோ" என்றால் களைப்பு. "கசாடோ" என்றால் கல்யாணம் ஆனவன். நாள் முழுவதும் கல் சுமந்த பையன் வீட்டுக்கு வந்து, "அம்மா, எனக்கு இன்றைக்கு ரொம்பக் கல்யாணமாகிவிட்டது" என்பான். அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்காது. "வெட்கமாக இருக்கிறது" என்று சொல்ல நினைத்து இங்கிலீஷ் சொல்லையே கொஞ்சம் மாற்றி "எம்பரசாடா" என்று சொன்ன பெண்கள் கணக்கில் அடங்கமாட்டார்கள். அந்தச் சொல்லுக்கு "கர்ப்பமாக இருக்கிறேன்" என்று பொருள்!

அடுப்பு கட்டும் படிப்பு

பகல் சாப்பாடு முடிந்ததும் வேலை. அதில் மிகவும் பெயர் பெற்றது அடுப்பு கட்டுவது.

மலைக் கிராமங்களில் பல வீடுகளுக்குச் சமையல் அறையும் படுக்கை அறையும் ஒன்றே. தரையில் மூன்று கல். நடுவே விறகு. புகைபோக்கி கிடையாது. குளிர் காலத்தில் கதவையும் சாத்திவிடுவார்கள். சுவர் கருத்து, கூரை கருத்து, தாயின் கண் சிவந்திருக்கும். அவள் முதுகில் துணியால் கட்டிய கைக்குழந்தை. தாய் குனிந்து ஊதும்போதெல்லாம் குழந்தையும் அந்தப் புகையைத்தான் குடிக்கிறது.

இந்தப் புகை குழந்தையை என்ன செய்கிறது? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிர்க் ஸ்மித் என்ற விஞ்ஞானி இதை அறிய விரும்பினார். குவாத்தமாலாவின் மேற்கு மலைப் பகுதியான சான் மார்கோசில் 534 வீடுகளை எடுத்துக் கொண்டார்கள். எல்லாம் கர்ப்பிணியோ, கைக்குழந்தையோ உள்ள வீடுகள். பாதி வீடுகளில் புகைபோக்கி வைத்த அடுப்பு கட்டினார்கள். மீதி வீடுகளில் பழைய மூன்று கல் அடுப்பே எரிந்தது. ஆராய்ச்சி முடிந்த பிறகு அவர்களுக்கும் புது அடுப்பு கிடைத்தது.

முடிவு 2011-ல் வெளிவந்தது. புது அடுப்பு வீடுகளில் குழந்தைகளைத் தாக்கும் புகை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. கடுமையான நிமோனியா காய்ச்சல் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. எல்லா நிமோனியாவும் ஒழிந்துவிடவில்லை. "புகை பாதி குறைந்தால் போதாது; இன்னும் குறையவேண்டும்" என்றார்கள் விஞ்ஞானிகள். என்றாலும், சாகும் நிலைக்குப் போகிற குழந்தைகளில் மூன்றில் ஒன்று தப்புகிறது என்றால், அது சாதாரணக் காரியமா?

அந்த அடுப்புக்குப் "பிளாஞ்சா" என்று பெயர். சிமெண்டுக் கட்டியில் இடுப்பு உயரத்துக்கு மேடை எழுப்பவேண்டும். அதன் மேல் செங்கல்லால் தீ எரியும் அறை. அதை மூட ஓர் இரும்புத் தகடு. தகட்டில் வட்ட வட்டமாகத் திறப்புகள். பாத்திரத்தின் அளவுக்கு ஏற்றபடி வளையங்களை எடுக்கலாம், போடலாம். பின்னால் இருந்து ஒரு தகரக் குழாய் கூரையைத் துளைத்துக் கொண்டு வெளியே போகும். மீதி இடத்தில் ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு ரொட்டி சுடலாம். விறகும் குறையும்.

கொத்தனார் உள்ளூர்க்காரர். மாணவர்கள் சித்தாள்! மேட்டில் இருக்கும் வீட்டுக்கு வண்டி போகாது. சிமெண்டுக் கட்டிகளையும் மணலையும் முதுகில் சுமந்து ஏறவேண்டும். அதே மேட்டில் 10 வயதுப் பையன் விறகுக் கட்டோடு விறுவிறு என்று ஏறிப் போவான். கல்லூரி மாணவனுக்கு மூச்சு வாங்கும்.

கட்டிவிட்டு வந்தால் வேலை முடிந்ததா? இல்லை! புகைபோக்கியில் கரி அடையும். அதை அடிக்கடி தட்டிச் சுத்தம் செய்யவேண்டும். செய்யாவிட்டால் புகை மறுபடியும் வீட்டுக்குள் வரும். அப்புறம் பழைய மூன்று கல்லே மேல் என்று தாய் முடிவு செய்துவிடுவாள். திறந்த தீயில் குளிர் காயலாம், வெளிச்சமும் உண்டு. புது அடுப்பில் இரண்டும் குறைவு. இதை எல்லாம் கேட்டறிய, சொல்லிப் புரியவைக்க, மறுபடி போய்ப் பார்க்க, மொழி வேண்டும். காலையில் படித்த வினைச்சொல் இங்கேதான் உதவுகிறது.

மற்ற வேலைகளும் உண்டு. நாற்றங்காலில் மரக்கன்றுப் பைகளுக்கு மண் நிரப்புவது. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளுக்கு வீட்டுப் பாடம் சொல்லிக் கொடுப்பது. டாக்டர் படிப்பு படிக்கிறவர்கள் இலவச வைத்தியசாலையில் நின்று "தோந்தே லெ துவேலே?" - எங்கே வலிக்கிறது? - என்று கேட்டுப் பழகுகிறார்கள். அங்கே வலியை விடப் பெரிய நோய் பசி. 2014-15-ல் எடுத்த கணக்குப்படி, குவாத்தமாலாவில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 46 பேருக்கு மேல் போதிய வளர்த்தி இல்லை. வாட்டமில்லாத பிள்ளை போலத் தெரியும். வயதைக் கேட்டால்தான் திடுக்கிடும்.

வாத்தியார் சொல்லும் கதை

4 மணி நேரம் ஒருவரோடு ஒருவர் பேசினால், இலக்கணம் சீக்கிரம் தீர்ந்துவிடும். பிறகு வாழ்க்கையைத்தான் பேசவேண்டும்.

குவாத்தமாலாவில் 1960-ல் இருந்து 1996 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. 36 ஆண்டுகள்! இறந்தவர்களும் காணாமற் போனவர்களும் 2 லட்சத்துக்கு மேல் என்று, ஐக்கிய நாடுகள் சபையின் துணையோடு நடந்த விசாரணை 1999-ல் அறிவித்தது. அடையாளம் தெரிந்தவர்களில் 100-க்கு 83 பேர் மாயா மக்கள். பெரும்பாலான கொலைகளுக்கு ராணுவமும் அதன் துணைப் படைகளுமே பொறுப்பு என்றும் அது சொன்னது.

வயதில் மூத்த ஆசிரியர்களில் பலர் அந்தக் காலத்தைப் பார்த்தவர்கள். அண்ணன் காணாமற் போனவர் உண்டு. ஊரை விட்டு ஓடி மெக்சிகோவில் அகதியாகக் கிடந்தவர்கள் உண்டு. "இறந்த காலம்" என்ற பாடம் வரும்போது, எடுத்துக்காட்டு வாக்கியங்கள் அங்கேதான் போய் நிற்கும்.

அமெரிக்க மாணவனுக்கு இன்னொரு அதிர்ச்சியும் காத்திருக்கிறது. 1954-ல், மக்கள் தேர்ந்தெடுத்த ஜனாதிபதி அர்பென்சைக் கவிழ்த்தது அமெரிக்க உளவுத்துறை! பெரிய தோட்டங்களின் தரிசு நிலத்தை ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுத்தவர் அவர். அதற்குப் பிறகுதான் நாடு போரை நோக்கிச் சரிந்தது. 1999-ல் குவாத்தமாலாவுக்கு வந்த ஜனாதிபதி கிளிண்டன், கொடுமை செய்த படைகளுக்கு அமெரிக்கா துணை நின்றது தவறு என்று ஒப்புக்கொண்டார். பிறந்த நாட்டில் படிக்காத சரித்திரத்தை, பையன் இங்கே ஒரு சின்ன மேசையின் முன்னால் படிக்கிறான். அதுவும் அரைகுறை மொழியில்!

இன்னும் போர் ஓயாத 1988-லேயே கெட்சல்தெனாங்கோவில் சில ஆசிரியர்கள் கூடி ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். ஸ்பானிஷோடு நாட்டு நிலைமையையும் வெளிநாட்டாருக்குச் சொல்லவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். பிறகு கொலொம்பா என்ற ஊரின் பக்கம், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே, ஒரு கிளைப் பள்ளியும் வைத்தார்கள். அங்கே இருப்பவர்கள், தோட்ட முதலாளிகளோடு போராடிக் குடியிருக்க நிலம் பெற்ற தொழிலாளர்கள். வீடுகள் மிகச் சிறியவை. விருந்தாளி படுக்க இடம் இல்லை. ஆகவே மாணவர்கள் பள்ளியில் படுத்து, மூன்று வேளையும் தொழிலாளர் வீட்டில் சாப்பிடுகிறார்கள். காப்பி விளையும் ஊரில், தொழிலாளியின் கோப்பையில் இருக்கும் காப்பி எவ்வளவு தண்ணீராக இருக்கிறது என்பது அப்போது தெரியும்.

(காப்பி மட்டும் அல்ல. உலகத்திலேயே அதிகமாக ஏலக்காய் ஏற்றுமதி செய்யும் நாடும் குவாத்தமாலாதான்! ஏலச்செடி இந்தியாவில் இருந்து, முதல் உலகப் போர் தொடங்கிய காலத்தை ஒட்டி, ஒரு ஜெர்மன் தோட்டக்காரர் மூலம் அங்கே போயிற்று. விளைவதில் பெரும்பகுதி அரபு நாடுகளுக்குப் போகிறது. உள்ளூர்க்காரர்கள் அதை அதிகம் தொடுவது இல்லை. பாயசம் தெரியாதவர்கள், பாவம்!)

யாருக்கு லாபம்?

இத்தனை தொண்டாலும் ஊருக்கு நன்மைதானா? இதை ஒளிவுமறைவு இல்லாமல் கேட்கவேண்டும்.

சுவருக்கு வெள்ளை அடிக்க, கடல் கடந்து ஒரு கல்லூரிப் பெண் வரவேண்டுமா? அந்த விமானச் செலவில் உள்ளூர்க் கொத்தனார் பல மாதம் சாப்பிடுவார். இரண்டு வாரம் வந்து இங்கிலீஷ் பாட்டுச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனால், அடுத்து வருகிறவரும் அதே பாட்டைத்தான் ஆரம்பிப்பார். பிள்ளைகள் முதல் பாடத்தையே ஆண்டு முழுவதும் படிக்கும்!

அனாதை இல்லத் தொண்டு இன்னும் மோசமான சங்கதி. தாய் முகம் பார்க்காத குழந்தை, புதிதாக வந்த அக்காளின் கழுத்தைக் கட்டிக் கொள்ளும். மூன்றாவது வாரம் அக்காள் விமானம் ஏறிவிடுவாள். அப்புறம் இன்னொரு அக்காள். ஒவ்வொரு முறையும் அந்தப் பிஞ்சு மனம் ஒடியும். அதோடு, வெளிநாட்டார் வந்து பணம் தருகிறார்கள் என்பதற்காகவே, பெற்றோர் உள்ள குழந்தைகளையும் இல்லத்தில் சேர்த்து வைக்கிற கொடுமை உலகில் பல நாடுகளில் நடந்திருக்கிறது. அங்கே போய்ப் படம் எடுத்துக் கொள்ளாமல் இருப்பதே பெரிய தொண்டு.

இதை உணர்ந்த பள்ளிகள் கறாராக இருக்கின்றன. "பிள்ளைகளோடு வேலை செய்ய வேண்டுமா? இத்தனை வாரம் இருக்கவேண்டும், முதலில் பேசத் தெரியவேண்டும்" என்கிறார்கள். திட்டம் போடுவதும் நடத்துவதும் ஊர்க்காரர்கள்தான். வந்தவர் கை கொடுக்கலாம், நாட்டாமை செய்யக்கூடாது. பணம் வாங்கிக் கொண்டு எது கேட்டாலும் "சரி" என்று சொல்லும் பள்ளிகளும் இருக்கின்றன. பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் இதை விசாரித்து அனுப்புவது நல்லது.

பாட்டிக்கு ஸ்பானிஷ் தெரியாது!

ஆறு வாரம் உயிரைக் கொடுத்து ஸ்பானிஷ் படித்த மாணவி, மலைக் கிராமத்துக்கு அடுப்பு கட்டப் போகிறாள். வாசலில் ஒரு பாட்டி. மாணவி தன் அழகான ஸ்பானிஷில் வணக்கம் சொல்கிறாள். பாட்டி பேத்தியைப் பார்க்கிறாள். பேத்தி மொழிபெயர்க்கிறாள்!

குவாத்தமாலாவில் மாயா மொழிகள் மட்டும் 22. கிச்சே என்ற மொழியை ஏறக்குறையப் பத்து லட்சம் பேர் பேசுகிறார்கள். 2018-ல் எடுத்த மக்கள் கணக்குப்படி 100-க்கு 41 பேருக்கு மேல் மாயா இனத்தார். ஸ்பானிஷ், 1524-ல் படையோடு வந்த மொழி. பல நூற்றாண்டுகள் அதுதான் அதிகாரியின் மொழி, கோர்ட்டின் மொழி, தோட்டக் கணக்கப்பிள்ளையின் மொழி. அது தெரியாத ஏழை, தான் எதில் கைநாட்டு வைக்கிறோம் என்று தெரியாமலே வைத்தான்.

1992-ல் நோபல் சமாதானப் பரிசு பெற்ற ரிகோபெர்த்தா மெஞ்சு, கிச்சே பெண். போரில் தாய், தந்தை, தம்பி மூவரையும் பறிகொடுத்தவர். தன் மக்களின் கதையை உலகத்துக்குச் சொல்ல, அவரும் தாய்மொழி அல்லாத ஸ்பானிஷில்தான் பேசவேண்டி இருந்தது.

ஆகவேதான், ஆன்டிகுவா நிறுவனம் செய்த காரியம் அருமையானது என்று முன்பே சொன்னோம். ஸ்பானிஷ் படிக்க வந்தவர்கள் கட்டிய பணம், ஸ்பானிஷின் நிழலில் வாடிய மொழிகளுக்கு உரமாயிற்று. 1970-களில் அங்கே பயிற்சி பெற்ற மாயா இளைஞர்கள் தங்கள் மொழிகளுக்குத் தாங்களே இலக்கணம் எழுதினார்கள். 1987-ல் மாயா மொழிகளுக்கு ஒரே சீரான எழுத்து முறை சட்டமாயிற்று. 1990-ல் மாயா மொழிகள் கழகத்துக்குச் சட்ட அங்கீகாரம் வந்தது. 2003-ல் அந்த மொழிகளைத் தேசிய மொழிகள் என்று சட்டம் ஏற்றது. சட்டம் வந்த பிறகும் கோர்ட்டிலும் ஆஸ்பத்திரியிலும் மொழிபெயர்ப்பாளருக்குக் காத்துக் கிடக்கும் பாட்டிகள் நிறைய இருக்கிறார்கள்.

கொரோனா வந்தபோது

2020 மார்ச்சில் குவாத்தமாலா தன் விமான நிலையத்தை மூடியது. செப்டம்பரில்தான் திறந்தது. மாணவர்கள் அவசர அவசரமாக ஊர் திரும்பினார்கள். ஆசிரியருக்குப் பாடம் இல்லை. வீட்டு அம்மாவுக்கு வாரப் பணம் இல்லை. பல பள்ளிகள் கம்ப்யூட்டர் திரை மூலம் பாடம் நடத்திச் சமாளித்தன. திரைக்கு அந்தப் பக்கம் நியூயார்க். இந்தப் பக்கம் ஷெலா. வாத்தியாருக்குச் சோறு கிடைத்தது. வீட்டு அம்மாவுக்குத்தான் வழி இல்லை. திரை மூலம் ரொட்டி பரிமாற முடியாதே!

இப்போது மறுபடியும் ஆட்கள் வருகிறார்கள். திரைப் பாடமும் தொடர்கிறது.

நீண்ட நாள் தங்குகிற சிலர், ஸ்பானிஷ் ஓரளவு வந்ததும் அடுத்து கிச்சே படிக்கக் கேட்கிறார்கள். அதற்கும் சில பள்ளிகளில் ஆசிரியர்கள் கிடைக்கிறார்கள். "மல்த்தியோஷ்" என்றால் "நன்றி" என்பது முதல் பாடம். பிறகுதான் சங்கடம்! அந்த மொழியில் தொண்டையைச் சட்டென்று அடைத்து, "க்" என்று வெட்டிப் பேசும் எழுத்துகள் இருக்கின்றன. அதற்கு இங்கிலீஷும் உதவாது, ஸ்பானிஷும் உதவாது. மாணவர்கள் கழுத்தைப் பிடித்துக் கொண்டு பழகுகிறார்கள். அடுப்படியில் இருக்கும் பாட்டி "அப்படி இல்லை, இப்படி" என்று சொல்லிக் காட்டுகிறாள். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கின்றன.